மஞ்சளுக்குச் சிவப்பு வைத்தேன்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கடைக்குச் சாமான் எழுதிக் கொடுப்பதைத் தவிர நான் பேனாவைப் பிடித்ததே கிடையாது. வரி கோணலாகப் போகும். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். சிலது மறந்தும் போய்விட்டது. மறந்த இடத்தில் மறந்துவிட்டது என்றே எழுதியிருக்கிறேன், இட்டுக்கட்டவில்லை.

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில். நான், என் மகன், மருமகள், மூன்று பேர்தான். பேத்தி வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். மருமகள் பட்டுக்கடையில் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அவளுக்கென்று கொஞ்சம் பொழுது உண்டு. அந்தப் பொழுதில் சர்ச் பக்கத்து ஹாலில் நடக்கும் ஓவிய வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். அவள் போய்விட்டால் நான் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவளாக நினைத்துக்கொண்டு, என்னையும் கூப்பிட்டாள். உண்மையில் அந்த நேரத்தில் நான் நன்றாகத் தூங்குவேன். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் புடவை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறிவிட்டேன்.

வகுப்பு எடுப்பது ஒரு சின்ன வயசு டீச்சர். என் மகளாக இருக்க வேண்டிய வயசு கூட இல்லை. அவளுடைய அப்பா கொத்தனார் வேலை செய்து அவளைச் சென்னையில் ஓவியம் படிக்க வைத்தாராம், அவளே சொன்னாள். முதல் நாளே மருமகள் என்னை முன்னால் தள்ளிவிட்டு, "எங்க அத்தை பட்டுக்கு டிசைன் போட்டவங்க மிஸ்" என்றாள். அங்கிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் டிசைன் போட்டதில்லை. புடவைக் கரையில் வருகிற பூவும் அன்னமும் முதலில் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாளில் ஏறும். டிசைன் போடுகிற மாஸ்டர் பென்சிலில் ஓரம் வரைந்து கொடுப்பார். உள்ளே இருக்கும் கட்டங்களை வண்ணத்தால் நிரப்புவது என் வேலை. அந்தத் தாளைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை போடுவார்கள். அட்டை தறிக்குப் போகும். கல்யாணம் ஆனதிலிருந்து வீட்டோடு உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். கம்ப்யூட்டர் வந்தபிறகு அந்த வேலை நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை, முதுகுவலி போனது. ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில், நான் டிசைன் போட்டதில்லை, கட்டம்தான் நிரப்பினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா சிரித்துவைத்தேன்.

கட்டம் நிரப்பிய கை என்று முதல் படத்திலேயே தெரிந்துபோயிற்று. செடியும் பூவுமாக ஒரு தோட்டம் போடச் சொன்னாள் டீச்சர். எல்லோரும் அகலமான பிரஷ்ஷை எடுத்து அப்பிக்கொண்டிருந்தார்கள். நான் இருந்ததிலேயே சின்ன பிரஷ்ஷைத் தேடி எடுத்து, தாளின் இரண்டு பக்கமும் கரைக்கு இடம் விட்டு, நடுவில் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் பூ வைத்தேன். எந்தப் பூவும் கூடுதலில்லை, குறைச்சலில்லை. முன்னால் இருக்கிற பூவும் அதே அளவு, வானத்துக்குக் கிட்டே இருக்கிற பூவும் அதே அளவு. புடவையில் கிட்டே, தூரே என்பது கிடையாது. கட்டுகிறவள் நகர்ந்தால் பூவும் நகரும், அவ்வளவுதான்.

டீச்சர் கோபிக்கவில்லை. என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு, இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றைக் கொடுத்தாள்.

"பூவை வரையாதீங்கம்மா. பிரஷ்ஷை வெச்சு, ஒரு திருப்பு திருப்பி, எடுத்துடுங்க. அப்புறம் அந்தப் பக்கமே போவாதீங்க."

இந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு முடியவில்லை. வைத்து எடுப்பேன். ஓரத்தில் பிசிறு இருக்கும். பிசிறைப் பார்த்ததும் கை தானாகப் போய் அதை ஒழுங்குபடுத்தும். ஒழுங்குபடுத்தியதும் அது பூவாக இல்லாமல் பொட்டாகிவிடும். டீச்சர் என் பின்னால் வந்து நின்றாலே எனக்குக் கழுத்து வேர்த்துவிடும். மருமகளோ இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லாதவள் மாதிரி தாளில் தண்ணீர் கொட்டி, வானத்தை ஓடவிட்டு, அழகாக ஒன்றைப் போட்டு முடித்திருப்பாள். அவளுக்கு நான் ஒரு நாள் எல்லோரையும் அசத்திவிடுவேன் என்று நம்பிக்கை. கடையில் கூட வேலை செய்கிறவர்களிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

இப்படியே கொஞ்ச காலம் போனது. எத்தனை வாரம் என்று நினைவில்லை. பனி விழுகிற மாதம் ஒன்றில் வேன் வைத்து எங்களைத் திருமுக்கூடல் பக்கம் அழைத்துப் போனாள் டீச்சர். ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடியது, மணல்தான் நிறைய. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சாமந்திக் கொல்லை. அப்படி ஒரு மஞ்சளை நான் மொத்தமாகப் பார்த்ததில்லை. பூக்கடைக் கூடையில் பார்ப்பது வேறு. சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்து, கொல்லை முழுவதும் தகதகவென்று நின்றது.

வெயில் போவதற்குள் போட்டுவிட வேண்டும், தாளைப் பார்க்காதீர்கள், கொல்லையைப் பார்த்துக்கொண்டே பிரஷ்ஷை ஓட்டுங்கள் என்றாள் டீச்சர். நான் சொன்னபடி கேட்கிறவள். கண்ணைக் கொல்லையில் வைத்துக்கொண்டு, கையைத் தாளில் விட்டேன். அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கை தடங்கலில்லாமல் ஓடியது. வைத்தேன், திருப்பினேன், எடுத்தேன். ஓரத்தை ஒழுங்குபடுத்தப் போகவில்லை. உள்ளுக்குள் எனக்கே பெருமையாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் எட்டிப் பார்த்தாள். வாய்த் துடுக்கானவள், நல்ல பெண்.

"இன்னா ஆயா, மொளகா காய வெச்சிருக்கீங்களா?"

அப்போதுதான் தாளைக் குனிந்து பார்த்தேன். ஆற்றிலிருந்து வரப்பு வரைக்கும் அத்தனை பூவும் சிவப்பு. ஒரு மஞ்சள் இல்லை. மஞ்சள் வண்ணத்தை நான் தொடக்கூட இல்லை. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

ஏன் அப்படி நடந்தது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கட்டம் போட்ட தாளில் ஜரிகை மேலே வர வேண்டிய இடத்துக்கெல்லாம் நாங்கள் சிவப்புதான் வைப்போம். அந்தத் தாளில் சிவப்புக்குச் சிவப்பு என்று அர்த்தமில்லை. இங்கே ஜரிகை ஏறும், இங்கே பொன் நிறம் வரும் என்று அட்டை அடிக்கிறவருக்குச் சொல்வதற்கு ஒரு அடையாளம். வெயிலில் தகதகத்த கொல்லையைப் பார்த்ததும் என் கண்ணுக்கு அது ஜரிகையாகிவிட்டது. கை அதன் பாட்டுக்குச் சிவப்பை எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷம் கை செய்து வந்ததைத்தான் அன்றைக்கும் செய்தது.

இதைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் எனக்குக் கண்ணில் புரை இருக்கிறதா என்று கேட்டார். மருமகள் முகம் சுண்டிப்போயிருந்தது. டிசைன் போட்டவள் என்று அவள் சொல்லிவைத்த இடத்தில், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்கிறேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கண் சரியில்லை போலிருக்கிறது என்று நானே சொல்லிவிட்டேன். கண் தெரியாதவள் என்றால் பாவம் என்பார்கள். இந்தக் காரணத்தைச் சொன்னால் என்ன என்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் நான் தேடிக்கொண்டது. மருமகள் என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. காலையில் டீயை அவளே போட்டு வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். என் ரத்தக்கொதிப்பு மாத்திரையை அவளே பிரித்து உள்ளங்கையில் வைத்தாள். ஏகாம்பரநாதர் கோயிலுக்குத் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தேன், அதுவும் நின்றது. ரோட்டைத் தாண்ட வேண்டுமே என்றான் மகன். வகுப்பைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் போகவில்லை. எனக்காக அவள் வீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். புள்ளி புள்ளியாக இருந்த ஒரு புத்தகத்தைக் காட்டி, அதற்குள் ஒளிந்திருந்த நம்பர்களைப் படிக்கச் சொன்னார் டாக்டர். எல்லாவற்றையும் படித்தேன். புரை லேசாக ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், நிறமெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மருமகள் வெளியே வந்து மகனுக்குப் போன் செய்தாள். அவன் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவன். பக்கத்தில் நின்ற எனக்கு அவன் சொன்னது கேட்டது.

"கண்ணு நல்லா இருக்குதுன்னா அப்ப வேற இன்னாவோ இருக்குது. போன மாசம் பாலை வெச்சுட்டு மறந்தாங்க இல்ல? எதுக்கும் தலை டாக்டராண்ட ஒரு வாட்டி காட்டிடலாம்."

புத்தி கலங்கியவர்களை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. எங்கேயாவது போய்விடுவார்களோ என்ற பயத்தில்தான். என் மகனும் நல்லவன்தான்.

ஸ்கூட்டரில் ஏறினோம். முகத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கும் நான் சொல்லியிருக்க மாட்டேன். பின்னால் உட்கார்ந்ததால் அவள் முதுகுதான் தெரிந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது, வண்டியை நிறுத்தினாள். அப்போது சொன்னேன்.

"சேப்புன்னா ஜரிகைமா."

"இன்னா அத்தே?"

"நம்ம கட்டம் போட்ட தாள்ல சேப்பு வெச்சா அது ஜரிகை. மஞ்சப் பூவு தகதகன்னு இருந்துச்சா, ஜரிகைன்னு கை சேப்பை எடுத்துக்கிச்சு. எனக்குக் கண்ணும் கெடல, புத்தியும் கெடல. வெக்கப்பட்டுக்கினு சொல்லாம இருந்துட்டேன்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கேட் திறந்து, பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தும் அவளால் வண்டியை எடுக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா அத்தே? உங்கள அடுப்பாண்ட விடாம நான் தனியா அல்லாடிக்கினு இருக்கேன்" என்றாள். அவள் பேச்சில் ஏளனம் இல்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வார்த்தையில் முடிய வேண்டியதற்கு அவள் இவ்வளவு அலைந்திருக்கிறாளே என்றுதான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் போதும். அடுத்த ஞாயிறு வகுப்பில் அவள் இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். டீச்சர் கதை முடிகிற வரைக்கும் அசையாமல் கேட்டாள். உள்ளே போய் என் சிவப்புக் கொல்லையை எடுத்து வந்து சுவரில் சாய்த்து வைத்தாள். வகுப்பில் யார் படமும் இதற்குக் கிட்டே வரவில்லை, தை மாதம் ஹாலில் படங்களை மாட்டிக் காட்டும்போது இதுதான் நடுவில் இருக்க வேண்டும் என்றாள். உடனே எல்லோரும் போனில் படம் பிடித்தார்கள். எட்டி நின்று பார்த்தார்கள், கிட்டே வந்து பார்த்தார்கள். ஆயாவின் பார்வையே வேறு என்றார் ஒருவர். மிளகாய் என்று சொன்ன பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

அவள் மன்னிப்புக் கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் சொன்னதுதான் சரி. அது மிளகாய் காயப்போட்ட மாதிரிதான் இருந்தது. தப்பாகப் போட்டபோது பட்ட வெட்கத்தைவிட, அதைப் புகழ்ந்தபோது பட்ட வெட்கம் பெரிதாக இருந்தது. நான் பூவைப் பார்த்து வைக்காத வண்ணத்துக்கு இத்தனை பேர் அர்த்தம் சொல்கிறார்கள். படத்துக்குக் கீழே ஒட்டுவதற்கு ஒரு சீட்டு வேறு அடித்துவிட்டார்கள். என் பெயரும், பட்டு வடிவமைப்பாளர் என்றும். மருமகள் தன் கடையில் எல்லோரையும் பார்க்க வரச் சொல்லிவிட்டாள். அந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் எப்படி நிற்பேன் என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

மருமகளிடம் கேட்டேன், இன்னொரு தடவை அந்தக் கொல்லைக்கு அழைத்துப் போவாயா என்று. எதற்கு என்று கேட்டாள். மஞ்சளை மஞ்சளாகப் போட வேண்டும் என்றேன். பிறகு ஒரு நாள் கடைக்குப் போகிறதற்கு முன்னால் விடிந்ததும் அழைத்துப் போனாள்.

போன நேரம் பூப்பறிக்கிற நேரம். பெண்கள் இடுப்பில் பை கட்டிக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து பறித்துக்கொண்டே வந்தார்கள். நான் வரப்பில் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். முதல் வரிசையைப் போட்டேன், பிசிறு தெரிந்தது, ஒழுங்குபடுத்தினேன். நிமிர்ந்தால் அந்த வரிசை இல்லை. வெறும் பச்சை. அடுத்த வரிசைக்குப் போனேன், ஓரம் பார்த்தேன், அதுவும் போய்விட்டது. அவர்கள் கை அப்படி ஓடியது. ஒரு அம்மாள் என் அருகில் வந்தபோது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். உங்கள் பூவைப் போடுகிறேன் என்றேன். "சீக்கிரம் போடுமா, மார்க்கெட்டு வண்டி நிக்குது" என்று சொல்லிக்கொண்டே என் எதிரில் இருந்ததையும் பறித்துவிட்டார்.

அப்புறம் நான் ஓரம் பார்க்கவில்லை. மீதம் இருக்கிற மஞ்சள் என் கண்ணை விட்டுப் போவதற்குள் தாளில் ஏற வேண்டும் என்று ஆகிவிட்டது. அகலப் பிரஷ்ஷை வைத்தேன், திருப்பினேன், எடுத்தேன். பறித்துவிட்ட இடத்தைப் பச்சையாகவே விட்டேன். தூரத்துப் பூவெல்லாம் பூவாகத் தெரியவில்லை, ஒரு இழுப்பாகத் தெரிந்தது, இழுப்பாகவே போட்டேன். பறிக்கிறவர்கள் ஆற்றோரம் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. படத்தில் கீழ்ப்பாதி அவ்வளவும் பழைய பொட்டுகள். மேலே வலது மூலையில் மட்டும் கொஞ்சம் சாமந்தி நின்றது.

அதை டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஹாலில் யாரும் கேட்காமல் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்தச் சேப்பு வாணாம் டீச்சரம்மா. இதை மாட்டுங்க."

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "பொய் சொல்ல மாட்டேன்மா. அதுதான் நல்ல படம். இது பாதி கூட வரல" என்றாள்.

"நல்லாருக்கட்டும்மா. அது கை போட்டது. இது நான் பாத்துப் போட்டது."

அவளுக்கு மனசு வரவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் சிவப்பை எடுத்துச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். மஞ்சளை நடுவில் மாட்டவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஓரமாக மாட்டினாள். அது நியாயம்தான்.

மருமகள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஹாலில் படங்களைக் காட்டிய அன்று, அவள் கடையில் வேலை செய்கிறவர்கள் வந்து அந்தச் சிவப்புப் படம் எங்கே என்று கேட்டபோது, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தண்ணீர் கேன் வைத்திருந்த பக்கம் ஒதுங்கிவிட்டேன். அது வீட்டில் இருக்கிறது, அத்தை இதைத்தான் மாட்டச் சொன்னார்கள் என்று அவள் சொன்னது கேட்டது. அவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடுவில் இருந்த படங்களுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் என் படத்துக்கு முன்னால், பையைத் தோளில் மாட்டியபடி, யாராவது வருவார்களா என்பது போல் நின்றுகொண்டிருந்தாள். அவளை அப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று இன்றைக்கும் இருக்கிறது.

சாயங்காலம் சர்ச்சிலிருந்து வெளியே வந்த யாரோ ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு அந்த வழியாகப் போனாள். குழந்தை என் படத்தைப் பார்த்துக் கையை நீட்டியது. "சாமந்திடா" என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் போய்விட்டாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மருமகள் திரும்பி என்னைத் தேடினாள். நான் டம்ளரில் தண்ணீர் பிடிப்பது போல் குனிந்துகொண்டேன். இந்த வயசில் ஒரு வார்த்தைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று இருந்தது. பட்டு வடிவமைப்பாளர் என்ற அந்தச் சீட்டை மாற்றச் சொல்லும் தைரியம் மட்டும் கடைசி வரை வரவில்லை. அது அப்படியே ஒட்டியிருந்தது. கட்டம் நிரப்பியவள் என்று இங்கேயாவது எழுதிவிட்டேன்.

நான் சொன்னதில் தப்பு இருக்கும். எங்களுக்கு வேலை கொடுத்த மாஸ்டரிடம் ஜரிகைக்குச் சிவப்பு, மற்ற இடங்களில் எப்படியோ தெரியாது. அந்தக் கொல்லை திருமுக்கூடலைச் சேர்ந்ததா, ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்ததா என்றும் நிச்சயமில்லை. பூவை நான் சாமந்தி என்றே எழுதிவிட்டேன். துலுக்கச் சாமந்தியாகவும் இருக்கலாம், இரண்டும் மஞ்சளில் வரும். அந்தப் பக்கம் பூ வைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பனிக்காலத்தில் அங்கே என்ன பூ நிற்கும் என்று பார்த்து, தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.